அரை இங்கிலீஷ் மாப்பிள்ளை

திருத்தணி மலைப்படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, பசியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார், அக்காவைப் பெண் பார்க்க. யுத்த காலம். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்துப் பட்டாளக் கேம்பில் சமையல் வேலை. இங்கிலீஷ் பேசுவான் என்று அவர் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். என் நைனாவுக்கு இங்கிலீஷ் முக்கியமில்லை. சொன்னது பொய்யாக இருக்கக்கூடாது. சோதித்துப் பார்க்கப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்.

வாத்தியார் மூச்சு விடாமல் ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை, "எஸ் சார்" என்றார். அதைவிட நீளமாக இன்னொன்று. "நாட் யெட்." மூன்றாவதற்கு, "மே பி."

"வாயில பாதி, வயித்துல பாதி. இது இங்கிலீஷே இல்ல" என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்.

"தொரைங்களே அப்பிடித்தாங்க பேசிகினு கீறாங்க" என்றார் மாப்பிள்ளை. "'ரெடி?'ம்பாரு. 'டூ மினிட்ஸ்'ம்பேன். சோத்தக் கேக்கறாருன்னு எனக்குத் தெரியும். இன்னும் வேவலன்னு அவருக்குத் தெரியும். மீதி இன்னாத்துக்குங்க?"

நைனா முகம் இறுகியே இருந்தது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் வந்தவர்கள் கை நனைக்க மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை உதறி எழப் போனாள்.

அப்போது அடுக்களையிலிருந்து என் அம்மா குரல் கொடுத்தாள்.

"ஆறுது."

அவ்வளவுதான். அம்மா நைனாவைப் பேர் சொல்லவும் மாட்டாள், 'என்னங்க' என்று கூப்பிடவும் மாட்டாள். ஒற்றைச் சொல்லைக் காற்றில் விடுவாள்; அது நைனாவிடம் போய்ச் சேரும்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வெளியே வந்து நின்றேன்.

"எது ஆறுதுன்னு முழுசா சொல்லச் சொல்லு நைனா. பாதிப் பேச்சு பேச்சே இல்லன்னு வாத்தியாரு சொல்றாரே."

வாத்தியார் விட்டத்தைப் பார்த்தார். நைனா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஆங், எழுந்திருங்க. கை நனைக்கலாம்."

முதலில் எழுந்தது வாத்தியார்தான்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை கதவோரம் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார். யாரையும் கேட்காததுபோல, "ரெடி?" என்றார். ஒரு எழுத்து இங்கிலீஷ் படிக்காத என் அக்கா, கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல, "டூ மினிட்ஸ்" என்றாள்.

இன்னும் என்ன வேக வேண்டியிருக்கிறது என்று அடுக்களைக்கு ஓடிப் பார்த்தேன். அடுப்பு அணைந்து கிடந்தது.

"அடுப்புல ஒண்ணுமே இல்லக்கா" என்று வந்து சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.