கயிறு போட்டுக் கட்டிய வீடு

படகில் சரக்கேற்றிப் பிழைப்பவனுக்குக் காற்றுதான் முதலாளி. அந்தப் படகிலேயே குடியிருந்தால் வீட்டுக்காரரும் அதுவே. வாடகை வீட்டில் இருந்து நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஏரியூர்ப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் என்னிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. கடலோரத்தில் உழைத்துத் தேய்ந்து, லாரியேறி வந்த பழம்படகு. அடுப்பு, படுக்கை, தகரப்பெட்டி எல்லாம் அதில்தான். கரையில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. படகில் படுத்தாலோ கயிறு அவிழ்ந்ததோ என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். இப்படியே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "வூடு எங்கீங்க?" எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்டால் யார் பெண் கொடுப்பார்கள்? எனக்குக் கல்யாண ஆசை நிறையவே இருந்தது.

பக்கத்து நிலத்துக்காரர்

கோடையில் தண்ணீர் பின்வாங்கினால் என் வீடும் பின்னாலேயே போகும். வெளியே தெரியும் வண்டல் நிலத்தில் ஊர்க்காரர்கள் ஏர் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை காய்ச்சலில் சுருண்டு கிடந்துவிட்டேன். எழுந்து எட்டிப் பார்த்தால் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கிறது, சுற்றிலும் உழவு நடக்கிறது. மாட்டை நிறுத்திவிட்டு மாரியப்பன் என்ற விவசாயி மரியாதையாகக் கேட்டார்: "வூட்டக் கொஞ்சம் நவுத்திக் கட்டிக்கிறீங்களா? கேவுரு வெதைக்கணும்."

பாயை இறக்கு

தர்மபுரியிலிருந்து புளி வாங்க வரும் வியாபாரி ஒருவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனுஷர், தண்ணீரென்றால் மட்டும் உதறல். ஓர் ஆடிக்காற்றில் நடு அணையில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. சுக்கானை விட முடியாமல் என் கூட்டாளி முருகனைப் பார்த்து, "பாயை எறக்கு! சீக்கிரம் பாயை எறக்கு!" என்று கத்தினேன். பாய்மரக் கயிறு வியாபாரியின் தலைக்கு மேல்தான் கட்டியிருந்தது. முருகன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததும் அவர் மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டு அலறினார்: "கரையிலதான்ப்பா எறங்குவேன்! என்ன எறக்குனா புளியும் எங்கூடவே எறங்கும்!"

வீடு பார்க்க வந்தவர்கள்

விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்த அதே பாய், எதிர்க்கரையில் தனக்குப் புளி விற்கும் குடும்பத்தில் எனக்காகப் பேசினார். பையனுக்குச் சொந்த வீடு என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். ஐப்பசியில் பெண்ணின் அப்பாவும் மாமாவும் பரிசலேறி வீடு பார்க்க வந்தார்கள். படகைக் கண்டதும் அப்பா முகம் தொங்கிவிட்டது. மாமாவோ போகிற வீட்டிலெல்லாம் தூணை ஆட்டிப் பார்க்கிறவர். இங்கே தூண் இல்லை. கரையில் கயிறு கட்டியிருந்த முளையைப் பிடித்து நன்றாக ஆட்டினார். மழையில் ஊறிய மண். திருப்தியாகப் படகில் ஏறி உட்கார்ந்தார்.

காப்பி கொடுத்துவிட்டு நிமிர்கிறேன், கரையைக் காணோம். கீழைக்காற்று நேராக எதிர்க்கரைக்குத் தள்ளுகிறது. திரும்ப வழியில்லை. இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது. துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பார்க்க வந்த வீட்டிலேயே, காப்பி டம்ளரோடு, அவள் அப்பாவும் மாமாவும் வந்து இறங்கினார்கள். அவள்தான் செல்வி. "ஒரு எடத்துல நிக்காத வூட்டுல எம்பொண்ணு எப்பிடிடா இருப்பா?" என்று அவர் என்மேல் பாய்ந்தார். செல்வி படகை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லதுதானேப்பா, நான் கோவிச்சுக்கிட்டு வந்தா வூட்டோடவே வந்துடலாம்."

சொன்னபடியே அவள் கோபித்துக்கொண்ட போதெல்லாம் படகும் நானும் மாமனார் ஊர்த் துறையில் போய் நின்றதால், வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டம் இந்தத் தமிழ்நாட்டில் என் ஒருவனுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.