கோட்டுகளுக்குக் கீழே ஒரு துவசம்

அந்தச் சாப்பாட்டுக்கடையில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது என்று சொன்னால் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். உண்மையில் அது மேசையே அல்ல. சமையலறைக் கதவுக்கும் கோட்டுகள் கொழுவும் சட்டத்துக்கும் இடையில், பூச்சாடி வைப்பதற்காகப் போட்டிருந்த சின்னப் பலகை. முதல் நாள் நான் வாசலில் தயங்கி நின்றபோது, கடைக்காரப் பெண்மணி பூச்சாடியைத் தூக்கிவிட்டு என்னை அங்கே இருத்தினார். பிறகு பூச்சாடி திரும்பி வரவில்லை. நானும் வேறு மேசை கேட்கவில்லை. மழை நாட்களில் ஊர்க்காரர்களின் ஈரக் கோட்டுகள் என் தலைக்கு மேலே தொங்கும். சில வேளை ஒரு சொட்டு சூப்புக்குள்ளும் விழும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய ஒரு மலையடிவாரச் சிறு ஊர். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை அங்கேதான் இருக்கவேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கவேண்டும். அந்த ஊரில் தமிழன் என்று இருந்தது நான் ஒருவன்தான். தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால்களைத் தேய்த்து மினுக்குவது வேலை. கதிரைக் கால்களோடு என்ன கதைப்பது?

குடியிருந்தது ஒரு விதவையின் மேல்மாடி அறை. வந்த புதிதில் ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்தேன். வீட்டுக்காரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஏறி வந்தார். யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். அது மார்கழிக் குளிர். அடுத்த நாள் அடுப்பைக் காணவில்லை. அது கீழே நிலவறையில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். அன்றிலிருந்து கிழமை நாட்களில் பாணும் சீஸும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அந்தக் கடையில் ஒரு சூடான சாப்பாடு.

தேவாலயம் முடிந்து ஊர்ச்சனம் அங்கே வரும். எல்லோருக்கும் அவரவர் மேசை உண்டு. நடு மேசையில் சீட்டு விளையாடுபவர்கள். யன்னலோரத்தில் ஒரு கிழவர், அவரும் என்னைப்போலத் தனி. எப்போதும் பன்றியிறைச்சி வாட்டல், எப்போதும் ஒரு பியர், எப்போதும் செய்தித்தாள். கோட்டைக் கொழுவ என் பக்கம் வரும்போது, வயிறாரச் சாப்பிடு என்று பொருள்படும் அவர்களுடைய வார்த்தையைச் சொல்வார். சாப்பாட்டின் முன்னால் இருப்பவனைக் கண்டால், முன்பின் தெரியாதவனென்றாலும் அப்படி வாழ்த்திவிட்டுப் போவது அந்த நாட்டு வழக்கம். முதல் தடவை அது எனக்குத் தெரியாது. யாரோ கதைக்க வந்துவிட்டார் என்ற சந்தோசத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் யன்னலோரத்தில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்திருந்தார்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில், தொழிற்சாலைக்கு வெளியே ஒரு கிழமையில் எனக்கென்று யாராவது சொல்லும் ஒரே வார்த்தை அதுதான். அதைக் கேட்பதற்காகவே நேரத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஊரில் இருக்கும்போதுதான் அம்மா செத்துப்போனா. இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் யாரோ வீட்டு விறாந்தையில் இருந்தபோது, காய்ச்சலில். செய்தி கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனியிலேயே தூரத்தில், ஹம் நகரத்தில் இருந்த ஒன்றுவிட்ட அக்காவுக்கு வந்து, அவ எனக்குச் சொல்லும்போது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் கழிந்திருந்தது. நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தது ஒரு தூரத்து உறவு. எனக்கு அழுகையும் வரவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய்க் கதிரைக் கால்களைத் தேய்த்தேன்.

ஒரு வருடம் கழிந்து அம்மாவின் நினைவுநாள் நெருங்கியது. புகையிரத நிலையத்து ரெலிபோன் கூட்டுக்குள் நின்று அக்காவோடு கதைத்தேன்.

“தம்பி, அம்மான்ரை ஆட்டைத் துவசம் வாற ஞாயிற்றுக்கிழமை. ஐயரிட்டைக் கேட்டனான்.”

“என்னாலை அங்கை வர ஏலாது அக்கா. அனுமதி கேட்டு எழுதினனான். அனுமதி குடுக்கிற மனுசன் லீவிலை போட்டுதாம்.”

“எனக்கும் ஞாயிறு வேலையடா. வயது போன ஆக்களைப் பாக்கிற இடம், விட்டிட்டு வர ஏலாது. சரி, அங்கையே ஏதாவது செய். முழுகிப்போட்டு விரதமா இரு. ஆரேன் ஒராளுக்கெண்டாலும் சாப்பாடு குடுத்துப்போட்டுத்தான் நீ வாயிலை வைக்கவேணும். விளங்குதே?”

“இஞ்சை ஆர் அக்கா இருக்கினம்?”

“ஒரு சீவன்கூடவோ இல்லை?”

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருக்கினம், பாக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒரு சீவன். பிணத்துக்குப் பக்கத்திலும் நிற்கக் கொடுத்துவைக்காதவன், ஒரு மனிதருக்குச் சோறாவது போடாவிட்டால் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? அந்தக் கிழமை முழுக்க எனக்கு அதே யோசனைதான். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளரிடம் ஞாயிறு சாப்பிட வருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். ஞாயிறென்றால் குடும்பத்தோடு என்று சொல்லி, என்னை ஒரு மாதிரிப் பார்த்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போகிறாராம். மிஞ்சியது யன்னலோரத்துக் கிழவர்.

அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதே ஒரு குறை. கேட்டால், பசியோடு இருந்தாலும், வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சாப்பாடு போட மனமில்லாதவன்தான் கேட்பான் என்றும் நினைப்பார்கள். கேட்காமல் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடவேண்டும். வைத்த சாப்பாட்டை யாரும் தள்ளமாட்டார்கள். அப்படித்தான் நான் வளர்ந்தேன். உலகமே அப்படித்தான் என்றும் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை கடைக்காரப் பெண்மணியிடம் போனேன். நாளைக்கு இரண்டு தட்டுச் சாப்பாடு, இறைச்சி கூடாது, மீன் கூடாது, முட்டையும் கூடாது என்றேன். அவர் மிகுந்த பரிவோடு எனக்கு வயிற்றில் என்ன வருத்தம் என்று கேட்டார். அந்த ஊர்ச் சமையலில் இறைச்சி இல்லாத கறி என்று ஒன்றுமில்லை. முட்டைக்கோவாவுக்குள்ளும் கொழுப்பு, உருளைக்கிழங்குச் சலாட்டிலும் எலும்பு ரசம். கடைசியில் தோல் உரிக்காத மைசூர்ப் பருப்புப்போல அவர்களிடம் இருக்கும் பயறை, பன்றித் துண்டு போடாமல், தொத்திறைச்சி வைக்காமல், அவித்த கிழங்கோடு தருவதென்று முடிவாயிற்று.

“இரண்டாவது தட்டு யாருக்கு?”

யன்னலோரத்துக் கதிரையைக் காட்டினேன்.

“அவருக்குத் தெரியுமா?”

நாளைக்குத் தெரிந்துகொள்வார் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, உங்கள் விருப்பம் என்பதுபோலத் தோளைக் குலுக்கினார்.

ஞாயிறு காலையில் முழுகி, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு போய்க் கோட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்தேன். கிழவர் வந்தார். எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லாதபோதும், பழக்கத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரப் பெண்மணி ஒரு தட்டை எனக்கு வைத்தார், மற்றதை அவருக்கு வைத்தார். நான் கரண்டியைத் தொடவில்லை. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். பயறைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார். என்னுடைய வாட்டல் எங்கே என்று கேட்டார். கடைக்காரப் பெண்மணி மெல்லக் குனிந்து ஏதோ சொல்லி என்னைக் காட்டினார். அவருடைய முகம் சிவந்தது.

“நான் பிச்சைக்காரனா?”

அது எனக்குத் தெளிவாக விளங்கியது. மிச்சம் அவர்களுடைய ஊர்ப் பாஷையில் வேகமாக வந்தது, பாதிதான் பிடிபட்டது. போர் முடிந்த பஞ்ச காலத்தில், சின்ன வயதில், இறைச்சியில்லாத இந்தப் பயறையும் கிழங்கையும் வேண்டிய மட்டும் தின்றாயிற்றாம். தன்னுடைய சாப்பாட்டுக்குத் தானே கொடுப்பாராம். ஒருவரும் தனக்குச் சோறு போடத் தேவையில்லையாம், அதிலும், என்று தொடங்கியவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தம்தான் சுட்டது. நடு மேசைக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். இரண்டு வருடமாகப் படித்த ஜெர்மன் முழுக்க எங்கேயோ ஓடிவிட்டது. வாயில் வந்தது இவ்வளவுதான்:

“அம்மா செத்தது. ஒரு வருடம். இன்றைக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். எனக்கு இங்கே ஒருவரும் இல்லை.”

கடைக்காரப் பெண்மணிதான் முதலில் விளங்கிக்கொண்டார். தன் வாயைக் கையால் பொத்தினார். பிறகு கிழவரிடம், நாங்களும் அடக்கம் முடிய வந்தவர்களை இருத்திச் சாப்பாடு கொடுக்கிறோம்தானே, போன கிழமையும் இதே இடத்தில் ஒன்று நடந்ததே, இது அந்தச் சாப்பாடு என்றார்.

கிழவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, கல்லறை எங்கே என்று என்னிடம் கேட்டார். கல்லறை இல்லை, எரித்துவிட்டார்கள், நான் அங்கே இருக்கவில்லை என்று சொன்னேன்.

அவர் தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு எழுந்தார். என் பலகைக்கு இரண்டாவது கதிரை இல்லை. சீட்டுக்காரர்களில் ஒருவர் தன் பக்கத்துக் கதிரையைத் தள்ளிவிட்டார். கிழவர் முகத்தில் முட்டிய கோட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். பயறுக்குப் புளிப்பாகக் கொஞ்சம் வினாகிரி ஊற்றினார். சாப்பிட்டார்.

எங்கள் வழக்கப்படி நான் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பவும் வற்புறுத்தினேன். பொலிஸ்காரன் வாகனத்தை மறிப்பதுபோலக் கையை உயர்த்தினார். வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஆனால் தட்டில் இருந்ததில் ஒரு பயறுகூட மிஞ்சவில்லை.

வாயைத் துடைத்துவிட்டு அவர் கேட்டார்: “அம்மாவின் பெயர் என்ன?”

பெற்ற தாயின் பெயரைப் பிள்ளை சொல்லிக் கூப்பிடுவதில்லை. துவசத்தில் ஐயர்தான் அதைக் கேட்பார். இந்தக் கிழவருக்கு அது எப்படித் தெரியும்? நான் சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். நடுவில் ஓர் எழுத்து விழுந்து, கடைசி எழுத்து நெளிந்து, அது வேறு யாருடையவோ பெயர்போல வந்தது. பிழை என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். கண்ணை மூடி, மெல்ல, இன்னொரு தரம் சொன்னார். அதுவும் பிழைதான்.

நான் அழுதேன். செய்தி வந்த அன்று வராதது, ஒரு வருடம் வராதது எல்லாம், அந்தச் சனத்துக்கு முன்னால், ஈரக் கோட்டுகளுக்குக் கீழே சேர்ந்து வந்தது. அவர் ஆறுதல் சொல்லவில்லை, தொடவுமில்லை. கடதாசித் துவாலையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு அழுது முடியும்வரை இருந்தார். பிறகு ஆறிப்போன என் தட்டைக் காட்டி, இப்போது நீ என்றார். சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு நேரத்தோடு போனேன். இரண்டாவது கதிரை அங்கேயே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. கிழவர் வந்தார், கோட்டைக் கொழுவினார், வழக்கமான வார்த்தையைச் சொன்னார், யன்னலோரத்தில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். வாட்டல் வந்தது. இவர்களெல்லாம் என்ன மனிதர்கள் என்று சாப்பாடு முழுக்க எரிச்சலோடு விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் யாரோ பெண் அந்தக் கதிரையில் தன் கைப்பையை வைத்துவிட்டுப் போனாள். பல கிழமைகளுக்குப் பிறகுதான் விளங்கியது, அவர் அன்று வந்தது அம்மாவுடைய சாப்பாட்டுக்கு. வந்தார், சாப்பிட்டார், அது முடிந்தது. எனக்குத் துணை இருப்பதாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. விளங்கியதால் தனிமை குறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் விண்ணப்பம் முடிவாகி, ஹம்முக்கு மாறினேன். அடுத்த துவசம் அக்கா வீட்டில் நடந்தது. படி வரைக்கும் வந்தவர்களின் சப்பாத்துகள். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் மணத்தன. ஐயர் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஓர் எழுத்தும் பிசகாமல் மந்திரத்தோடு சேர்த்து உச்சரித்தார். சனம் நிறையச் சாப்பிட்டு, திருப்பியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. எல்லாம் குறையில்லாமல் நடந்தது.

கோப்பைகள் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றா.

“என்னடா, கல்லு மாதிரி இருந்தாய். ஒரு சொட்டுக் கண்ணீரும் வரேல்லை.”

“போன வருசம் அழுதிட்டன் அக்கா.”

“தனியவோ?”

“இல்லை. ஒராள் இருந்தவர்.”

“ஆரடா அது?”

சொல்ல வாயெடுத்தேன். என் அம்மாவின் பெயரைக் கேட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்த அந்த மனிதரின் பெயரை நான் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.