மருந்துக்குக் கேட்காத கை

மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து பஸ் இறங்கத் தொடங்கியதும் பானுமதி ஐஸ் பெட்டியை மடியில் ஏற்றி இரண்டு கைகளாலும் கட்டிக்கொள்வார். வளைவுக்கு வளைவு உடம்பு சாயும், பெட்டி சாயாது. வாயில் ஒரு துண்டு நாரத்தங்காய் ஊறுகாய். எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் மலைப்பாதை அவருக்குக் குமட்டல்தான். ஆரம்பத்தில் ஒருநாள், "பொட்டியில என்னம்மா, மீனா?" என்று ஒருவர் கேட்க, "ரத்தமுங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பக்கத்து இருக்கை காலியானது. பின் இருக்கையும் காலியானது. இப்போது யாராவது கேட்டால், "மருந்துச் சாமானுங்க" என்கிறார்.

அது முடக்குவாதக்காரர்களின் ரத்தம். பானுமதி சேலத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். சொந்த ஊர் மலையடிவாரம். அப்பா குழந்தைசாமிக்கு சென்ட்ரிங் வேலை. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் அவர், "மூட்டு டாக்டருங்க" என்று முடித்துவிடுவார். மகள் விடமாட்டார். "வைத்தியம் பாக்கறதில்லீங்கப்பா. ஒரே மாத்திரை ஒருத்தருக்குக் கேக்குது, பக்கத்து ஊட்டுக்காரருக்குக் கேக்கமாட்டேங்குது. அது பொறப்புலயே மரபணுவுல இருக்குதான்னு பாக்கறேன்." அதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால், பலிக்காத மாத்திரையை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து மூட்டு கோணிப்போக வேண்டியதில்லை. "அப்ப ஜோசியமா கண்ணு?" என்று மலையில் ஒரு பெண் கேட்டாராம். "ஜோசியம்னா உங்களை மட்டும் பாத்தே சொல்லீருவேன். இதுக்கு இன்னும் எத்தனையோ பேரோட ரத்தம் வேணுமுங்க" என்றிருக்கிறார்.

பானுமதிக்கு முகங்கள் நினைவில் நிற்காது. விரல் கணுக்கள் நிற்கும். கல்யாண வீட்டில் வணக்கம் சொன்னவரின் கையை மட்டும் பார்த்துவிட்டு, அது யார் என்று அம்மாவிடம் கேட்பார். நோயாளியிடம் வலிக்கிறதா என்று கேட்பதில்லை. "கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க. காலையில ஜாக்கெட் கொக்கியை யாரு மாட்டி உடறாங்கன்னு கேப்பேனுங்க."

மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் சென்னம்மாளுக்குக் கொக்கி மாட்டிவிட்டது கணவர் சென்றாயன். சென்னம்மாள் வாரத்துக்கு ஒருநாள் விழுங்க வேண்டிய மாத்திரையை அரை வருடமாக விழுங்கியும் விரல் கணுக்களின் வீக்கம் வற்றவில்லை. "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இந்நேரம் குறைஞ்சிருக்கணுமே" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அன்றிலிருந்து சென்றாயனுக்கும் சந்தேகம். "எங்க வீசறாளோ என்னமோங்க. மாத்திரைன்னாலே இவளுக்கு ஆகாது" என்று பானுமதியிடமே சொன்னார். சென்னம்மாள் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். மாத்திரை நாளில் கணவர் முன்னால் போய் நின்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவார். அப்போதும் சென்றாயன், "இதே மாதிரி மொதல்லருந்து சாப்பிட்டிருக்கோணும்" என்பார்.

மாத்திரையைச் சாப்பிடாதவர்களை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. மருந்து பலிக்கவில்லையா, உள்ளே போகவே இல்லையா என்று தெரியாமல் எல்லாம் குழம்பிவிடும். சென்னம்மாளை நீக்கிவிடலாம் என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். பானுமதிக்கு மனம் வரவில்லை. "வாயைத் தொறந்து காட்டுனாங்கல்ல, அது கண்ணை உட்டுப் போகலீங்க." அந்த மருந்து ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் பல வாரங்கள் தங்கியிருக்கும், அதை அளக்கவும் முடியும். விஷயத்தை விளக்கி, சென்னம்மாள் சம்மதித்த பிறகு இன்னொரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தார். முடிவு வரும்வரை ஒரே பயம் என்கிறார். "மருந்தே இல்லைன்னு வந்திருந்தா, அவிய மூஞ்சில எப்புடி முழிக்கறதுங்க?"

மருந்து இருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இருக்க வேண்டிய அளவே இருந்தது. முதலில் டாக்டரிடம் காட்டினார். "நான்தான் தப்பா நெனைச்சுட்டேன். வரச் சொல்லுங்க, மருந்தை மாத்திப் பாப்போம்" என்றார் அவர். சென்னம்மாள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. மறுநாளே பானுமதி மலையேறினார்.

வாசலில் சென்றாயன் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, தனியாச் சொல்லட்டுங்களா?" என்று சென்னம்மாளிடம் கேட்டார் பானுமதி.

"எதுக்குத் தனியா? இங்கயே சொல்லு சாமி."

"நீங்க ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. மருந்துதான் உங்களுக்குக் கேக்கலீங்கக்கா."

சென்னம்மாள் கணவர் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "இன்னொருக்காச் சொல்லு கண்ணு. சத்தமா" என்றார். பானுமதி சத்தமாகச் சொன்னார். மிளகைக் கிளறிக்கொண்டிருந்த சென்றாயனின் கை நின்றது. "நாந்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்" என்றார், மிளகைப் பார்த்தபடி.

"என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்றார் சென்னம்மாள்.

அவர் பார்த்துச் சொன்னார்.

புது மருந்து கேட்டது, மெதுவாகத்தான். போன மாதம் பானுமதியோடு, இதை எழுதுகிற நானும் அங்கே போனேன். சென்னம்மாளின் மரபணுவில் என்ன இருந்தது என்று வழியில் கேட்டேன். "தெரியாதுங்க. ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது. எல்லாரோடதும் வந்து சேந்தாத்தான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, அவராகவே சொன்னார்: "ஆனா அவிய பொய் சொல்லலைங்கறது தெரிஞ்சு போச்சில்லீங்க. எனக்கு அதுவே பெரிய நிம்மதி."

நாங்கள் போனபோது சென்னம்மாள் குழாயடியில் பெரிய கம்பளி ஒன்றை அலசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வா சாமி, இந்தப் பக்கம் புடி" என்று ஒரு நுனியை நீட்டினார். பானுமதி வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சென்னம்மாள் முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியதும் கம்பளி பானுமதியின் பிடியிலிருந்து திருகிக்கொண்டு நழுவித் தரையில் விழுந்தது.

"கெட்டியாப் புடிக்க மாட்டியா கண்ணு!"

பானுமதி ஈரக் கைகளைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து நுனியை எடுத்து, இந்தத் தடவை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி நின்றார்.