சுருக்கமில்லாமல் தைத்த ஜோடி

என் மகள் பாலே கற்றுக்கொள்ளத் தொடங்கியது என் பொறாமையால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஆம்பூரில். கீழே நாங்கள், மாடியில் என் கணவரின் அண்ணன் குடும்பம். அண்ணனின் மனைவி, என் ஓர்ப்படி, எம்.ஏ., பி.எட். படித்தவர், மெட்ரிக் பள்ளி டீச்சர். நான் எட்டாம் வகுப்போடு நின்று ஷூ கம்பெனிக்குப் போனவள். இருபது வருடமாக ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கும் ஒரே பெண், எனக்கும் ஒரே பெண். அவர் பெண் ஐந்து மாதம் மூத்தவள். முதலில் நடந்தது அவள், முதலில் பேசியது அவள், முதல் பல் விழுந்ததுகூட அவளுக்குத்தான். அந்த ஐந்து மாதத்தை நான் பன்னிரண்டு வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தேன்.

வேலூரில் ஒரு மிஸ் பாலே சொல்லித்தருகிறார் என்று ஓர்ப்படி தன் பெண்ணைச் சேர்த்தார். சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் போய்வர வேண்டும். துணைக்கு என் பெண்ணையும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, "அங்க நீ இன்னா பண்ணுவ?" என்று மகளிடம் கேட்டேன். அக்காவின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பாதி ஷிஃப்ட் லீவு போட்டு நானே போய் அவளையும் சேர்த்துவிட்டு வந்தேன்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்த நாளில் வகுப்பு இருக்காது. மற்ற நாட்களில் மேசைகளை மடித்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, கை கழுவும் தொட்டிக்கு முன்னால் இருக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் காலை மடக்கி நீட்டுவார்கள். சாம்பார் வாசனை போகவே போகாது. லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் நானும் போய் வாசற்படியில் உட்கார்ந்து, மிஸ் யார் பேரை எத்தனை தடவை கூப்பிடுகிறார் என்று எண்ணுவேன். மாடி வீட்டுப் பெண்ணின் பேரைத்தான் ஜாஸ்தி கூப்பிட்டு, முட்டியைத் தள்ளு, தோளை இறக்கு என்று திருத்துவார். என் பெண்ணிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். அவளிடம் குறையே இல்லை என்று சில மாதம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஓர்ப்படி பேச்சுவாக்கில், நல்லா வர்ற பிள்ளைகளைத்தான் மிஸ் திருத்துவாங்களாம் என்றார். என்னைக் குத்த வேண்டுமென்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வருடக் கடைசியில் மிஸ்ஸுக்கு என் மகளையும் திருத்த நேரம் கிடைத்தது. அதற்குள் அவளுக்கே பித்துப் பிடித்துவிட்டது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். கேஸ் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவாள். மாடியில் அக்கா குதிக்கிற சத்தம் கூரையில் தொம் தொம்மென்று கேட்டால், இவளும் கீழே எழுந்து குதிப்பாள். இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நான் வெங்காயம் அரிவேன். மேலே சத்தம் நின்றால்தான் எனக்கு மூச்சு வரும்.

பெங்களூரில் ஒரு பாலே பள்ளி கோடை விடுமுறையில் ஆறு வாரம் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறது என்று மிஸ்தான் சொன்னார். அதில் எடுத்துவிட்டால் அடுத்த வருடங்களிலும் கூப்பிடுவார்கள், செலவு அவர்களுடையது. ஆனால் இந்தியா முழுக்க இருந்து பிள்ளைகள் வருவார்கள், கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். இருவரையும் விண்ணப்பிக்கச் சொன்னார். இருவருக்கும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நான் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுதான் என்றால் அது யாருக்கு?

விண்ணப்பம் இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷ் என்றால் லெஃப்ட், ரைட், சைஸ், பாஸ், ரிஜெக்ட். ஈமெயிலும் கிடையாது. ஓர்ப்படி தன் லேப்டாப்பில் இரண்டு பேருக்கும் நிரப்பினார், இரண்டுக்கும் தன் மெயிலையே கொடுத்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஏன் ஆட விரும்புகிறாய் என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் தமிழில் சொல்ல, அவர் மாற்றி எழுதினார். படிக்கத் தெரியாவிட்டாலும் வரியை எண்ணத் தெரியாதா? அவர் பெண்ணுக்குப் பதினோரு வரி. என் பெண்ணுக்கு ஒன்பது.

"அக்கா, இதுல ரெண்டு கம்மியா இருக்கே" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ வரி எண்ணியா பாக்குற?"

"இல்லக்கா, பாத்தா தெரியுதில்ல."

"அவ சொன்னது அவ்ளோதாம்மா. பொய்யா எழுதச் சொல்றியா?" என்றார். பிறகு இரண்டு வரி சேர்த்தார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

விண்ணப்பத்தோடு அனுப்புகிற புகைப்படத்துக்கு அவர்கள் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். நாங்கள் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வேட்டியை விரித்துக் கட்டி ஃபோனில் எடுத்தோம். தேர்வுக்கு நேரில் வரச்சொல்லி இரண்டு பேருக்கும் பதில் வந்தபோது, என் பெண்ணைக் கூப்பிட்டதைவிட, ஸ்டுடியோவுக்குப் போயும் அவர்களுக்கு அதே பதில்தான் வந்தது என்பதில்தான் எனக்கு நிம்மதி.

ஷூ விஷயம் அதற்குப் பிறகு வந்தது.

ஓர்ப்படி தன் பெண்ணுக்கு நெட்டில் ஆர்டர் போட்டு வெளிநாட்டு பாலே ஷூ வாங்கினார். இளஞ்சிவப்பு, மெத்தென்ற தோல், குறுக்கே எலாஸ்டிக். கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரல் பக்கத்தில் தோலைப் புடவைக் கொசுவம் மாதிரி சுருக்கிச் சுருக்கித் தைத்திருந்தது. சோல் பாதத்தைவிடச் சின்னது, நடுவில் ஒட்டுப் போட்ட மாதிரி. குதிகாலில் விறைப்புக்கு உள்ளே எதுவுமே வைக்கவில்லை. எங்கள் லைனில் இப்படி ஒரு ஜோடி வந்தால் செக்கிங்கில் இருக்கிற பெண் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டு, தைத்தவளையும் நாலு வார்த்தை கேட்பாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக, ஓர்ப்படிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது. என் மகளுக்கு நானே தைப்பேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கம்பெனியில் சாம்பிள் செய்கிற பாயிடம் ஃபோனில் படத்தைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, கொழுக்கட்டையா?" என்றார்.

"டான்ஸ் ஷூ பாய்."

"இதப் போட்டு ஆடுனா பேஜார்தான். சோலு பத்தலியே."

ஆட்டுத்தோலில் மிச்சம் விழுந்த நல்ல துண்டு கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் தைத்தேன். ஒரு சுருக்கம் வராமல் இழுத்து ஒட்டினேன். சோலை விளிம்புவரை முழுசாகப் போட்டேன். இடது வலது தனித்தனியாக, குதிகாலில் விறைப்பு வைத்து, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட்டு, வளர்கிற பிள்ளை என்று. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எக்ஸ்போர்ட் பீஸ் என்றார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஜோடி நான் தைத்ததில்லை.

மகள் போட்டுப் பார்க்கக் கேட்டாள். நான் தரவில்லை. போட்டால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் பழையது. எங்கள் தொழிலில் ஷூ பெட்டியைத் திறக்கிற கை வாங்குகிறவருடையதாகத்தான் இருக்க வேண்டும். டிஷ்யூ பேப்பர் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் மிஸ் முன்பு கொடுத்திருந்த பழைய கிழிந்த துணி ஷூவிலேயே பழகினாள். மிஸ்ஸிடமும் காட்டவில்லை. காட்டினால் ஓர்ப்படிக்குத் தெரிந்து, அவரும் அந்த மாதிரி ஒன்று கேட்பார் என்று பயம்.

தேர்வுக்கு முந்தைய வாரம் மாடி வீட்டுப் பெண்ணுக்கு இருமல். ராத்திரியெல்லாம் இருமினாள். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. வந்த உடனே, இது திரும்பி என் பெண் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து, விடிந்ததும் கோயிலுக்குப் போய் இரண்டு பெண்கள் பேரிலும் அர்ச்சனை செய்தேன். என் பெண் பேரை முதலில் சொன்னேன்.

பெங்களூருக்கு நாலு பேரும் ஒரே ரயிலில் போனோம். பழைய ஷூவை எடுத்துக்கொள்ளவா என்று மகள் கேட்டபோது, அந்தக் கந்தல் எதுக்கு என்று வீட்டிலேயே விடச் சொல்லியிருந்தேன்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு முதல் குழு. முடித்துவிட்டு வேர்வையோடு வந்து தண்ணீர் குடித்தாள். எப்படி இருந்தது என்று கேட்காமல் என் ஷூ பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த குழுவில் என் மகள். பெட்டியை அப்போதுதான் திறந்தேன். மற்ற அம்மாக்கள் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போட்டுவிட்டேன்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். மரத்தரை. பியானோ ஆரம்பித்ததும் எல்லாப் பிள்ளைகளும் காலை முன்னால் நீட்டினார்கள். எல்லாக் காலும் வாழைப்பூ நுனி மாதிரி வளைந்தது. என் மகள் கால் மட்டும் பலகை மாதிரி நேராக நின்றது. உள்ளே அவள் பாதம் வளைகிறது, ஷூ வளையவில்லை. திரும்பும்போது குதிகால் கழன்று டக்கென்று அடித்தது. மறுபடியும் டக். தேர்வு செய்கிற அம்மாள் கையைத் தூக்கிப் பியானோவை நிறுத்தினார். கிட்டே வந்து குனிந்து, ஷூவைத் தொட்டு, சோலை அமுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

மகள் வெளியே வந்தாள். "வேற ஷூ இருக்கான்னு கேக்கறாங்கம்மா. இதுல கால் தெரியலையாம்." அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

நான் பையைத் திறந்து தேடினேன். இல்லை என்று தெரிந்தும் தேடினேன். அதற்குள் ஓர்ப்படி தன் பெண்ணின் காலருகில் தரையில் உட்கார்ந்து எலாஸ்டிக்கை இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீ உன் ஷூவ அவுரும்மா, சீக்கிரம்" என்றார் என் மகளிடம்.

"பெரிம்மா, அக்காளது எனக்கு டைட்டா இருக்கும்."

"டைட்டாதாண்டி இருக்கணும். போ."

அந்தச் சுருக்கம் வைத்த, சோல் பத்தாத, ரிஜெக்ட் ஷூ என் மகள் காலில் தோலோடு தோலாக ஒட்டியது. ஓடினாள். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது நன்றியில்லை. என் குழந்தைக்குத் தேவையானது மறுபடியும் அவர் கையில் இருந்ததே என்ற எரிச்சல்தான். ரயிலில் திரும்பும்போது நான் தைத்த ஜோடியைக் கைப்பைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஸ்கூலுக்கு அரைநாள் லீவு போட்டிருந்த ஓர்ப்படி கீழே இறங்கி வந்தார். எனக்கு அன்று வார விடுமுறை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உன் பொண்ண எடுத்துட்டாங்க."

அவர் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வெயிட்டிங் லிஸ்ட்ல வச்சிருக்காங்க. யாராச்சும் வரலன்னா கூப்புடுவாங்களாம்." பிறகு, "மெயில் செவ்வாக்கெழமயே வந்துச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"மூணு நாளைக்குள்ள சரின்னு பதில் போடணும். இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுது. போடலன்னா அடுத்த பேருக்குப் போய்டும்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா எறங்கி வரமுடியல. திட்டணும்னா திட்டிடு."

எனக்குத் திட்ட வரவில்லை. கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. பன்னிரண்டு வருடமாக என் வயிறு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தேன். மாடியிலும் எரிந்திருக்கிறது. அதுவும் என் பெண்ணைப் பார்த்து. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அது ஒரு நிமிடம்தான். மெயில் என்னிடம் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற யோசனை உடனே வந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலத்தையும் போக விட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில், ஐயோ அக்கா இப்பத்தான் பாத்தேன் என்று படியேறிப் போயிருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை. இதிலும் அவர்தான் மேலே.

லேப்டாப்பை எடுத்துவந்து என் சமையல் மேடையில் வைத்துப் பதில் எழுதினார். அனுப்பியதைக் காட்டச் சொன்னேன். காட்டினார். மூடியபிறகு, போய்ச் சேர்ந்ததா என்று மறுபடி திறந்து பார்க்கச் சொன்னேன். அதையும் செய்தார்.

பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மகளுக்குச் செய்தியைச் சொல்ல வேண்டுமென்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அதற்குள் ஓர்ப்படி போய்ச் சொல்லிவிட்டார். தன் பெண்ணின் தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார். என் மகள் புத்தகப் பையோடு அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாடி வீட்டுப் பெண் குனிந்து, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நின்றாள். நான் துண்டும் கையுமாகக் கதவருகில் நின்று, என் மகள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் எப்போது திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.