ஒன்பதாவது புளியமரம்

1986, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து என் மனைவி சரசு என்னை வழியனுப்பினாள். எச்சரித்து அனுப்பினாள் என்பதே சரி.

"எனக்கு அண்ணனும் வேணும், தம்பியும் வேணுமுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாலும், கல்யாணத்தன்னைக்கு உங்க பக்கத்துல நான் நிக்கமாட்டேன்."

விஷயம் இதுதான். அடுத்த வாரம் எங்கள் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். முடிந்ததும் அவள் ஆத்தூரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தாய்மாமன் காரில் போகவேண்டும். தாய்மாமன் இரண்டு பேர், இருவரும் நாமக்கல்லில். மூத்தவர் பழனிசாமி கோழிப்பண்ணைக்காரர். அவரிடம் கறுப்புப் பத்மினி கார். இளையவன் தங்கவேலு லாரிக்கு பாடி கட்டுகிறவன். அவனிடம் புத்தம்புதுச் சிவப்பு எண்ணூறு சிசி கார். பெண் தன் காரில் ஏறாவிட்டால் கல்யாணத்துக்கே வரப்போவதில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாய்மாமன் வராத கல்யாணத்தை எங்கள் பக்கத்தில் யாரும் கல்யாணமாகவே மதிப்பதில்லை. எந்த கார் உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல நான் கிளம்பினேன். என்னிடம் இருப்பது ஒரு மொபெட். மேட்டில் அதை நான்தான் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மல்லூர் தாண்டி, ஆண்டகலூர் கேட்டில் பஸ் டீ குடிக்க நின்றது. டீ ஐம்பது காசு; சர்க்கரை மட்டும் ஒரு ரூபாய்க்கு இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் லாரி டிரைவர் என்று தெரிந்ததும், பத்மினி, எண்ணூறு இரண்டில் எது நன்றாக இழுக்கும் என்று விசாரித்தேன். அவர் நிதானமாக யோசித்தார்.

"ரெண்டுமே எங்களுக்கு வழி உட்டாப் போதுமுங்க" என்றார்.

ஒன்பது மணிக்கு நாமக்கல் வந்துவிட்டது. மலைக்கோட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனேன். இரண்டு கார்களும் குளித்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. எனக்குத்தான் காலைப் பலகாரம் தயாராகவில்லை.

"புறப்பாடு எப்படின்னு பாருங்க மாமா. நின்ன எடத்துலருந்து வேகம் அறுவதத் தொடோணும். எது சுருக்காத் தொடுதோ அதுல நம்ம பொண்ணு போகட்டும்" என்றான் தங்கவேலு.

"எங்க சாமி கவிதா ஒக்காந்து போற வண்டிங்க மாப்ள. வேகம் மட்டும் பத்துமுங்களா?" என்று பெரியவர் பழனிசாமி உள்ளே போய் இரண்டு தட்டு முட்டையோடு வந்தார். ஒரு தட்டுக்கு முப்பது. பின் சீட்டில் தட்டை வைத்து ஓட்டவேண்டும். எத்தனை உடைகிறது என்று பார்க்கவேண்டும். நாமக்கல்லில் காருக்குப் பரீட்சை வைத்தால் கேள்வித்தாள் இப்படித்தான் இருக்கும்.

புதுச்சத்திரம் போகும் சாலையில் நேரான ஓர் இடத்தில் நிறுத்தினோம். என் கைக்கடிகாரத்தில் விநாடி முள் இல்லை. அதனால் சாலையோரப் புளியமரங்களை எண்ணுவது என்று முடிவாயிற்று.

முதலில் பத்மினி. முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் நான். தொடக்கூடாது என்று உத்தரவு. பெரியவர் ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியரை, மருமகள் காப்பி ஆற்றுகிற பதத்தில் மெல்லத் தள்ளினார். வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு புறப்பட்டது. "இப்பப் பாருங்க" என்றார். பார்த்தேன். மூன்றாவது மரம் வந்தது. "இப்பப் பாருங்க" என்றார் மறுபடி. ஒன்பதாவது மரத்தில் முள் அறுபதைத் தொட்டது. ஒரு முட்டைகூட அசையவில்லை.

அடுத்து எண்ணூறு. சீட்டின் பிளாஸ்டிக் உறையைத் தங்கவேலு இன்னும் கழற்றவில்லை. "புடிச்சுக்கங்க மாமா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது மரத்தில் அறுபது. உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து மரத்துக்கும் எனக்கு இருபது வயதுதான். பிறகு அவன் பிரேக்கைத் தொட்டான். தட்டு வழுக்கிக்கொண்டு என் மடிக்கு வந்தது. ஏழு முட்டை போயிற்று. என் வேட்டியும் போயிற்று.

வேகம் தம்பிக்கு, முட்டை அண்ணனுக்கு. வழக்கு தீரவில்லை. புதுச்சத்திரம் வரை இரண்டும் ஒன்றாக ஓடட்டும், முந்துகிற வண்டியில் பெண் ஏறட்டும் என்றேன். நான் எண்ணூறிலேயே உட்கார்ந்தேன். இந்த வேட்டியோடு பத்மினியில் ஏறப் பெரியவர் விடவில்லை.

"நீங்க எடுங்கண்ணா" என்றான் தங்கவேலு. அண்ணன் எடுத்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். சாலை காலியாகக் கிடந்தது. எண்ணூறு உறுமிக்கொண்டு பத்மினியின் முதுகை முகர்ந்ததே தவிர, விலகவில்லை. பெரியவர் கையை வெளியே நீட்டி, முந்து முந்து என்று சைகை காட்டினார். இவன் இன்னும் மெதுவாக்கினான். கடைசியில் அவர் ஓரங்கட்டி இறங்கி வந்தார்.

"ஏண்டா முந்துல?"

"நீங்க முன்னால போறப்ப எப்படிங்கண்ணா முந்தறது?"

"அப்புறம் எதுக்குடா பந்தயம்?"

"பந்தயம் வேறீங்கண்ணா."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தார். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று நான் வாயைத் திறந்தேன்.

"பொண்ணு தம்பி வண்டியில வரட்டுமுங்க மச்சான். முன்னால போற வண்டி உங்களுது."

அவர் யோசித்தார். "அப்ப வேகம் என்னோட வேகந்தானுங்களே?"

"உங்க வேகந்தான்."

"செரி. வாங்க, வேட்டி மாத்திட்டுச் சாப்புடலாம்" என்றார். மிச்சமிருந்த முட்டைகள் இலையில் வந்தன.

அடுத்த வாரம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இரண்டு மாமன்களும் வந்தார்கள். சரசுவும் என் பக்கத்தில்தான் நின்றாள். மாலையில் பெண்ணை அனுப்பும் நேரம். மண்டபம் ஆத்தூர் சாலையில் இருந்தது. அங்கேயும் வரிசையாகப் புளியமரங்கள். பத்மினி செருமிக்கொண்டு முன்னால் நகர, எண்ணூறு மரியாதையாகப் பின்னால் போனது. கவிதா பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் மரங்களை எண்ணினேன். தம்பியை அவன் போக்கில் விட்டிருந்தால் ஐந்தாவது மரத்திலேயே கண்ணுக்கு மறைந்திருப்பாள். ஒன்பதாவது மரம் தாண்டியும் அவள் கை தெரிந்தது. உலகத்திலேயே உசத்தியான கார் பெரிய மச்சானுடையதுதான் என்று அப்போது பட்டது. தங்கவேலுவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.