சமையல்காரரின் மலை

ஹோம்புஷ் நிலையத்தில் என்னோடு ரயில் ஏறுகிற முதியவர் ஒருவர் இருந்தார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சேட்டு. முன்பு அரசாங்க அலுவலகமொன்றில் அந்தாட்டிக்கா மலைகளை வரைபடத்தில் கீறியவர். அந்தப் பக்கம் போனதேயில்லை. அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கி வேலை செய்த சமையல்காரர், ரேடியோக்காரர் போன்றவர்களின் பெயர்களையும் சிகரங்களுக்கு வைத்திருக்கிறார்கள் என்பார்.

மறதி வருகிறதோ என்ற பயத்தில், வரைபடத்தை என் கையில் தந்துவிட்டு, கண்ணை மூடி ஒரு மலைத்தொடரின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே வீடுகள் கரைந்து வெண்பனி விரிவதுபோல எனக்கு இருக்கும்.

அன்று அவர், மனைவி வற்புறுத்தியதால், மறதிக்காகப் பரமட்டாவில் டொக்டரைப் பார்க்கப் புறப்பட்டிருந்தார்.

"ஒண்டும் விடாமல் சொன்னால் டொக்டரிட்டப் போகமாட்டன். நீங்கள்தான் நீதவான்," என்றார்.

சொன்னார். சமையல்காரரின் மலையை விட்டுவிட்டார்.

"சரியோ?"

அந்த முகத்தை வாடவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம், எல்லாம் சரி."

"பாத்தீங்களே! மனிசி சும்மா பயந்து சாகிறா."

பரமட்டாவில் இறங்கியவர், மற்ற மேடைக்குப் போய், வீடு திரும்பும் ரயிலில் உற்சாகமாக ஏறினார். நான் கையசைத்து அனுப்பிவைத்தேன். அதை இரக்கம் என்று நினைத்தேன். இப்போது அவருக்கு என்னையும் தெரியாது.