பெர்க்டெஸ்காடன் உப்புச் சுரங்கத்தில் ஒரு சனிக்கிழமை

பெர்க்டெஸ்காடன் உப்புச் சுரங்கத்தை மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். முடியும். நானும் என் மனைவி கோமதியும் 1973 ஜூனில் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் போய் வந்தோம். அன்றைய நேரமும் கட்டணமும் இன்றைக்கு உதவாது. இருந்தாலும் என் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்.

நான் அப்போது எர்லாங்கனில் ஆய்வு மாணவன். கல்யாணமாகிப் பன்னிரண்டே நாளில் ஜெர்மனிக்கு விமானம் ஏறியவன். ஓராண்டு கழித்துக் கோமதி வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்தவள். அந்த வேலையை உதறிவிட்டு வந்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் வந்த ஐந்தாம் வாரம் என் பேராசிரியர் கூப்பிட்டு, உதவித்தொகை செப்டம்பரோடு முடிகிறது, நீட்டிக்க வழியில்லை என்றார். இன்னும் மூன்று வருடம் இங்கேதான் என்று மாமனாருக்கு எழுதியிருந்தேன். ஒன்பது நாளாக அவளிடம் வாய் திறக்கவில்லை. சரியான தூக்கமும் இல்லை. சுரங்கம் பார்க்கலாமா என்று அவள் கேட்டதும், போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

வெள்ளி இரவு மியூனிக்கில் நண்பர் அறையில் தங்கினோம். காலை எட்டு மணிக்கு ரயில் நிலைய வாசலிலிருந்து சுற்றுலாப் பேருந்து. தூரம் 155 கிலோமீட்டர், சுரங்கத்தையும் சேர்த்து ஆளுக்கு 28 மார்க். நான் பேச வாயெடுக்கும்போதெல்லாம் ஓட்டுநர் ஒலிபெருக்கியில் ஏரியையோ மலையையோ காட்டினார்.

"ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் கோமதி.

"பஸ் ஆடுது."

"பஸ் நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். உடுப்பின் மேல் போட்டுக்கொள்ளச் சுரங்கத் தொழிலாளர் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். பின்பக்கம் கட்டிக்கொள்ள ஒரு தோல் துண்டு. சேலையோடு கால்சட்டைக்குள் நுழைய முடியாமல், கோமதி சேலையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வந்தாள். குதிரைமேல் உட்கார்வதுபோல் காலை இருபுறமும் போட்டு உட்காரும் குட்டி ரயில் எங்களை மலைக்குள் இழுத்துக்கொண்டு போனது. உள்ளே பன்னிரண்டு டிகிரிதான். எனக்கு மட்டும் வியர்த்தது.

அடுத்தது மரச் சறுக்குப் பாதை. ஒருவர் பின் ஒருவராக ஒட்டி உட்கார்ந்து சறுக்க வேண்டும். கோமதி முன்னால் உட்கார்ந்தாள். கீழே போனதும் திரும்பிப் பார்த்து, "இன்னொரு தடவை விடுவாங்களா?" என்றாள். பாறைக்குள் தண்ணீரை நிரப்பி, உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலைக் குழாயில் வெளியே எடுப்பார்களாம். எவ்வளவு உப்பு கரைந்ததும் எடுப்பீர்கள் என்று வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் அவளுக்காகவே நின்று விளக்கினார். வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க முடியவில்லை.

சுரங்கத்துக்குள்ளேயே இருக்கும் உப்பு ஏரியில் மிதவை ஏறினோம். விளக்குகள் மங்கலாக இருந்தன.

"கோமதி, செப்டம்பரோட ஸ்காலர்ஷிப் முடியுது. எக்ஸ்டென்ஷன் கிடையாதாம்."

"எப்பத் தெரியும்?"

"ஒன்பது நாளாச்சு."

மிதவை அக்கரையில் முட்டியது. அவள் எனக்கு முன்னால் இறங்கி வழிகாட்டியின் பின்னாலேயே நடந்தாள். வெளியே வர ஆன இருபது நிமிடத்தில் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் வேலையை ரிசைன் பண்ணலை. ஒரு வருஷம் லீவுதான் எழுதிக் குடுத்தேன்."

"உங்க அப்பா ராஜினாமான்னு சொன்னாரே?"

"அப்பாவுக்கும் தெரியாது."

"ஏன்?"

"பன்னிரண்டு நாள் பழக்கம். நீங்க எப்படிப்பட்டவருன்னு எனக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "கோபமா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்குக் கோபந்தான்" என்றாள். நாலு மணிக்குப் புறப்பட்ட பேருந்தில் பாதி வழியில் வரும் ரோசன்ஹைம் ஊரைத் தாண்டும்வரை கிசுகிசுவென்று சண்டை போட்டோம். ஆறே முக்காலுக்கு மியூனிக்கில் இறங்கும்போது, அக்டோபரில் ஊர் திரும்புவது என்று முடிவாகியிருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுரங்கத்துக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையானாலும் கம்பளிச் சட்டையும் மூடிய காலணியும் வேண்டும். சேலையோ வேட்டியோ வேண்டாம். அடைபட்ட இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசித்துப் போங்கள். முதல் பேருந்தையே பிடியுங்கள், மதியத்தில் வரிசை நீளும்.

ஊர் திரும்பியதும் கோமதி மறுபடி கல்லூரிக்குப் போனாள். அவள் சம்பளத்தில் குடும்பம் நடக்க, நான் வீட்டிலிருந்து ஆய்வேட்டை எழுதி முடித்தேன். பதினான்கு மாதம் கழித்து எனக்கும் வேலை கிடைத்தது. நியமன ஆணையை நீட்டியபோது, "இது எத்தனை நாளா கையில இருக்கு?" என்று கேட்டாள். காலைத் தபாலில்தான் வந்தது என்றேன். உறையைத் திருப்பி அஞ்சல் முத்திரையில் தேதியைப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.